ரெண்டா, மூணா? டி அண்ட் டி மேசையில் கணக்கைக் குறைக்கச் சில வழிகள்

“டேய், நான் இன்னைக்கு ரேஜ் பண்ணினது ரெண்டு தடவையா, மூணு தடவையா?”

ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி: ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். ரேஜ் என்பது பார்பேரியன் என்ற முரட்டு வீரனின் வெறி, அதற்கு ஒரு எண்ணிக்கை உண்டு. பார்பேரியனாக ஆடும் நண்பன் இப்படிக் கேட்டதும் மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் நினைவைத் துழாவ ஆரம்பித்தோம். பாலத்தில் ஒரு தடவை. ஓநாய்க் கூட்டத்திடம் ஒரு தடவை. கல்லறையில் பண்ணினானா, பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றானா? பாத்திரத்தின் விவரங்களை எழுதும் அவனுடைய கேரக்டர் ஷீட்டைப் பார்த்தால் அந்த இடத்தில் எழுதி அழித்து எழுதி அழித்துத் தாளில் ஓட்டையே விழுந்திருந்தது. எதிரே ஒரு ட்ரோல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நாங்கள் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மாதம் புதுக் கதை தொடங்குகிறோம். ஆடுபவர்கள் அதே ஐந்து பேர், நடத்துபவன், அதாவது டிஎம், நான். விதிகளும் அதே ஐந்தாம் பதிப்பு, 2014ஆம் ஆண்டு நூல். வாரத்தில் ஒரு மாலை, அதில் மூன்று மணி நேரம் முழுசாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தத் தடவை கணக்குப்பிள்ளை வேலையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்து, கிடைக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். சிலவற்றை முன்பே ஆடிப் பார்த்திருக்கிறேன், சிலவற்றுக்குத் தாளில் கணக்குப் போட்டேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடலாம். இந்த ஆட்டத்தில் திறன் என்றால் இரண்டு சங்கதி. ஒன்று, ஷீட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஆறு எண்கள்: ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி, கான்ஸ்டிடியூஷன், இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் பதிப்பிலிருந்தே இருப்பவை இவை. மூன்று பகடையை உருட்டினால் 3 முதல் 18 வரை ஓர் எண் வரும். இப்போது அந்த எண்ணில் பத்தைக் கழித்துப் பாதியாக்கி, பகடையோடு கூட்டும் மாடிஃபையர் எடுக்கிறோம்: 16 என்றால் +3. ஆட்டத்தில் வேலை செய்வதெல்லாம் அந்த +3தான். 16 பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை 2023இல் திருத்தியபோது 16ஐத் தூக்கிப் போட்டுவிட்டு +3ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஐந்தாம் பதிப்பிலும் அப்படிச் செய்யலாம். எவ்வளவு தூரம் தாண்டலாம், எத்தனை பவுண்டு சுமக்கலாம், இரண்டாவது கிளாஸ் (பாத்திரத்தின் தொழில்) எடுக்க 13 இருக்கிறதா என்பது மாதிரிச் சில இடங்களில்தான் முழு எண் தேவைப்படும். ஆனால் எங்களுக்கு இதில் பெரிய லாபமில்லை. இந்த எண்கள் ஆட்டத்தின் நடுவே மாறுவது அபூர்வம். புதிதாக வருபவருக்கு விளக்குவது சுலபமாகும், அவ்வளவுதான். தாளில் ஓட்டை விழுவது அந்த ஓரத்தில் அல்லவே!

ஓட்டை விழுவது இன்னொரு சங்கதியில்: பயன்படுத்தினால் தீர்ந்து, ஓய்வெடுத்தால் திரும்பி வரும் சக்திகள். எங்கள் குழு ஐந்தாம் லெவலில் நின்ற அன்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பார்பேரியனுக்கு மூன்று ரேஜ், லாங் ரெஸ்ட் என்ற எட்டு மணி நேரத் தூக்கத்தில்தான் திரும்பும். பேட்டில் மாஸ்டர் வகை ஃபைட்டருக்கு செகண்ட் விண்ட் ஒன்று, ஆக்‌ஷன் சர்ஜ் ஒன்று, சுப்பீரியாரிட்டி பகடை நான்கு. எல்லாமே ஷார்ட் ரெஸ்ட் என்ற ஒரு மணி நேர ஓய்வில் திரும்பும். துறவி வீரனான மாங்க்குக்கு ஐந்து கி என்ற சக்திப் புள்ளி, ஷார்ட் ரெஸ்ட். மந்திரம் போடும் வார்லாக்குக்கு இரண்டு ஸ்பெல் ஸ்லாட் (ஒரு மந்திரம் போட்டால் ஒரு ஸ்லாட் செலவு), அதுவும் ஷார்ட் ரெஸ்ட். மந்திரவாதியான விசார்ட்டுக்கு முதல் நிலையில் நான்கு, இரண்டாம் நிலையில் மூன்று, மூன்றாம் நிலையில் இரண்டு ஸ்லாட், லாங் ரெஸ்ட். ஆனால் நாளைக்கு ஒரு முறை, ஷார்ட் ரெஸ்ட் முடிந்ததும் அவற்றில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஹிட் டைஸ், அதாவது ஓய்வில் காயம் ஆற உருட்டும் பகடை, ஐந்து. லாங் ரெஸ்ட் எடுத்தாலும் பாதிதான் திரும்பும். இதற்கு மேல் குழுவில் ஒரு மந்திரக்கோல் இருந்தது. அதில் ஏழு சார்ஜ். லாங் ரெஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விடிந்தால்தான் நிரம்பும், அதுவும் ஒரு பகடையை உருட்டி ஒன்று கூட்டினால் வருகிற அளவுக்கு.

எழுதி முடித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. இவற்றில் எந்த எண்ணும் பெரிய எண் இல்லை. மூன்று, இரண்டு, ஐந்து. பல்லாங்குழி ஆடத் தெரிந்த குழந்தைக்கு இதைவிடப் பெரிய கணக்கு வரும். கஷ்டம் எங்கே என்றால், எது எப்போது திரும்பும் என்பதில். ஒரு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரத் தூக்கம், நாளைக்கு ஒரு தடவை, பாதி மட்டும், விடியலில் என்று ஒரே மேசையில் ஐந்து கடிகாரங்கள் ஐந்து விதமாக ஓடுகின்றன. ஷார்ட் ரெஸ்ட் எடுத்ததும் மூன்று பேர் ரப்பரைத் தேடுகிறார்கள், ஒருவன் விதிநூலைப் புரட்டுகிறான், பார்பேரியன் தனக்கு ஏதாவது உண்டா என்று எல்லோர் முகத்தையும் பார்க்கிறான். அவனுக்கு ஒன்றும் கிடையாது.

ஆகவே எந்த வழியை எடுத்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி: இது எண்ணைக் குறைக்கிறதா, கடிகாரத்தைக் குறைக்கிறதா?

போனில் ஷீட்டை வைத்துக்கொள்வது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதற்கான டி அண்ட் டி பியாண்ட் தளம் 2017இல் வந்தது, 2022இல் டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவே அதை வாங்கிக்கொண்டது. ஷார்ட் ரெஸ்ட், லாங் ரெஸ்ட் என்று பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் எது திரும்பவேண்டுமோ அது தானாகத் திரும்பிவிடும். கணக்கு பிசகாது. ஆனால் இரண்டையுமே இது குறைக்கவில்லை, மூடி வைக்கிறது. ஒருவனிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. “உன்கிட்ட இன்னும் ஒரு ஸ்லாட் இருக்கே, அதை இப்ப போடு” என்கிற பேச்சு எங்கள் மேசையில் பாதி ஆட்டம். ஆளாளுக்குப் போனைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தால் அது போய்விடுகிறது. அப்புறம், ரேஜைக் குறிக்க எடுத்த போனில் வாட்ஸப் வரும். ஆன்லைனில் ஆடும் குழு என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் சரி. நாங்கள் ஒரே அறையில் உட்காருகிறவர்கள்.

அடுத்தது ஸ்பெல் பாயிண்ட். 2014 டிஎம் நூலிலேயே மாற்று விதியாக இருக்கிறது. ஸ்லாட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு புள்ளிக் கையிருப்பு: ஐந்தாம் லெவல் விசார்ட்டுக்கு 27. முதல் நிலை மந்திரத்துக்கு 2, இரண்டாம் நிலைக்கு 3, மூன்றாம் நிலைக்கு 5. கூட்டிப் பார்த்தால் ஸ்லாட்டுகளும் 27தான் வரும், ஏமாற்று ஒன்றுமில்லை. மூன்று வரிசைக் கட்டங்கள் ஒரே எண்ணாகின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. மேசையில் என்ன நடக்கிறது? கட்டத்தில் ஒரு கோடு போட்ட இடத்தில் இப்போது கழித்தல் கணக்கு. அதைவிடப் பெரிய விஷயம், ஸ்லாட் முறையில் மூன்றாம் நிலை மந்திரமான ஃபயர்பால் இரண்டுதான் போட முடிந்த அதே ஆள் இப்போது ஐந்து போடலாம், இரண்டு புள்ளி மிச்சமும் இருக்கும். எதிரிகளை அதற்கேற்ப நான் மாற்றியமைக்கவேண்டும். ஆறாம் நிலையிலும் அதற்கு மேலும் நாளைக்கு நிலைக்கு ஒரு ஸ்லாட்தான் உருவாக்கலாம் என்ற கட்டுப்பாடும் பின்னால் வரும், அதற்குத் தனியாக ஒரு குறி. கணக்கைக் குறைக்கிறேன் என்று கிளம்பி இந்த வழியில் போகக்கூடாது. மந்திரவாதிக்கு இஷ்டப்படி செலவழிக்கும் சுதந்திரம் வேண்டும் என்றால் மட்டும் போகலாம்.

எண்ணுவதையே விட்டுவிட்டுப் பகடையிடம் ஒப்படைப்பது இன்னொரு பக்கம். 2016இல் டேவிட் பிளாக் எழுதிய தி பிளாக் ஹாக் என்ற ஆட்டத்தில் பயன்பாட்டுப் பகடை என்று ஒன்று உண்டு. அம்புக்கட்டுக்கு எட்டு முகப் பகடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய பிறகு அதை உருட்டுவீர்கள். 1 அல்லது 2 விழுந்தால் ஆறு முகத்துக்கு இறங்கும், அப்புறம் நான்கு முகத்துக்கு. நான்கு முகத்திலும் 1, 2 விழுந்தால் தீர்ந்தது. அம்புக்கும் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் மிக அழகான விதி. இதை ரேஜுக்கும் ஸ்லாட்டுக்கும் போட்டால் என்ன என்று கணக்குப் பார்த்தேன். நான்கு முகப் பகடை சராசரியாக 2 தடவை தாங்கும். ஆறு முகத்தில் தொடங்கினால் 5 தடவை, எட்டில் தொடங்கினால் 9. ஆகவே விசார்ட்டின் முதல் நிலை ஸ்லாட் நான்குக்கு ஆறு முகம், மூன்றாம் நிலை இரண்டுக்கு நான்கு முகம் என்று பொருத்தலாம். சராசரி ஏறத்தாழச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சராசரியை யாரும் ஆடுவதில்லை. நான்கு முகப் பகடை பாதி நேரம் முதல் உருட்டலிலேயே தீர்ந்துவிடும். ஒரே ஃபயர்பாலோடு அன்றைய பிழைப்பு முடிந்தது என்றால் விசார்ட் ஆடுகிறவன் எழுந்து டீ போடப் போய்விடுவான். பைக்குள் எத்தனை அம்பு இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. என் கோபம் இன்னும் மிச்சமிருக்கிறதா என்று எனக்கே தெரியாது என்பதில் எனக்கு அவ்வளவு நியாயம் தெரியவில்லை. இத்தனைக்கும் கடிகாரம் ஒன்றுகூடக் குறையவில்லை. தீர்ந்த பகடை எப்போது திரும்பும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

உருட்டி மந்திரம் போடும் முறை இதைவிட நேர்மையானது என்பேன். கெல்சி டியோனின் ஷேடோடார்க் ஆட்டத்தில் (2023) ஸ்லாட்டே கிடையாது. இருபது முகப் பகடையை உருட்டி மாடிஃபையரைக் கூட்டி, பத்தோடு மந்திரத்தின் நிலையைச் சேர்த்த எண்ணைத் தொடவேண்டும். தொட்டால் மந்திரம் பலிக்கும், மறுபடியும் போடலாம். தவறினால் ஓய்வெடுக்கும் வரை அந்த ஒரு மந்திரம் இல்லை. எண்ணவே வேண்டாம், மந்திரத்தின் சீட்டைக் கவிழ்த்து வைத்தால் போதும். +3 வைத்திருப்பவர் முதல் நிலை மந்திரத்தில் 100க்கு 65 தடவை ஜெயிப்பார், அதாவது தவறுவதற்கு முன் சராசரியாக இரண்டுக்குக் கொஞ்சம் குறைவான வெற்றி. திரும்பும் நேரமும் ஒன்றே ஒன்று. இது நான் கேட்ட இரண்டையுமே குறைக்கிறது. பிறகு ஏன் எடுக்கவில்லை? ஐந்தாம் பதிப்பில் மந்திரம் போட்டால் அதைப் போட்டதாகத்தான் அர்த்தம், அதற்கு மேல் எதிரி தப்பிக்க உருட்டுவார். இதில் இன்னொரு உருட்டலை முன்னால் சேர்த்தால் மந்திரவாதி இரண்டு சுங்கச்சாவடி தாண்டவேண்டும். ஷேடோடார்க்கை ஷேடோடார்க்காக ஆடினால் இந்தச் சிக்கல் இல்லை. அதிலிருந்து ஒரு உறுப்பை வெட்டி இங்கே ஒட்டினால் காய்ச்சல் வரும்.

கெய்ர்னைப் பற்றியும் இதையேதான் சொல்லவேண்டும், சொல்வதற்கு வருத்தமாக இருந்தாலும். யோச்சாய் கால் 2020இல் வெளியிட்ட சின்ன ஆட்டம். பையில் பத்து இடம். மந்திரப் புத்தகம் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மந்திரம் போட்டால் களைப்பு என்று ஒன்று வந்து இன்னோர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்தும் நிரம்பினால் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யம். பத்திரமான இடத்தில் ராத்திரி முழுக்கத் தூங்கினால் களைப்பு போகும். கயிறு வேண்டுமா, சோறு வேண்டுமா, இன்னொரு மந்திரம் வேண்டுமா என்பதெல்லாம் ஒரே பைக்குள் முட்டிக்கொள்கின்றன. கணக்கு எங்கேயும் போகவில்லை, ஆனால் கணக்காகவே தெரிவதில்லை. நான் பார்த்தவற்றில் இதைவிட நேர்த்தியான விடை இல்லை. புது ஆட்டம் பழகத் தயாரான மேசை என்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு அதை எடுத்துக்கொள்ளுங்கள். என் நண்பர்கள் இருபது லெவல் வரை ஏறவேண்டும் என்கிறவர்கள். கெய்ர்னில் லெவலே கிடையாது.

ஆட்டத்தையே மாற்றலாம் என்றால் இன்னும் தூரம் போகலாம்தான். ஜான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸில் ஒரு கேரக்டருக்கு மொத்தமே ஒரே எண், 2 முதல் 5க்குள். ஒரு சாயங்காலத்துக்குப் பிரமாதம்.

சரி, ஐந்தாம் பதிப்பிலேயே இருந்துகொண்டு கடிகாரத்தைக் குறைக்க என்ன வழி? இதை ஏற்கெனவே ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறார்கள். 2008இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லா கிளாஸுக்கும் மூன்றே வகை: எப்போதும் செய்யலாம், சண்டைக்கு ஒரு தடவை, நாளைக்கு ஒரு தடவை. சக்திகளைச் சீட்டுகளாக அச்சடித்தும் விற்றார்கள், பயன்படுத்தினால் கவிழ்த்து வைக்கவேண்டியதுதான். குழப்பமே இல்லை. ஆனால் ஃபைட்டரும் விசார்ட்டும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள் என்று குறை எழுந்தது, ஐந்தாம் பதிப்பு பழைய பன்மைக்குத் திரும்பியது. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. எல்லோருக்கும் ஒரே அமைப்பு என்பது வேறு, எல்லோருக்கும் ஒரே கடிகாரம் என்பது வேறு. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

ஷார்ட் ரெஸ்ட் சக்தியை எல்லாம் மூன்றால் பெருக்கி லாங் ரெஸ்ட்டுக்கு மாற்றிவிடு என்பது ஒரு யோசனை. ஒரு நாளில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட் என்ற அனுமானத்தில் மூன்று வருகிறது. மாங்க்குக்கு 15 கி, வார்லாக்குக்கு 6 ஸ்லாட். ஒரே கடிகாரம், தூங்கினால் எல்லாம் நிரம்பும். இதில் மாட்டிக்கொள்வது டிஎம்தான். 2014 நூல் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மோதல் என்று எதிர்பார்க்கிறது. எங்களுக்கு இரண்டு நடந்தாலே அதிகம். வார்லாக் ஆறு மூன்றாம் நிலை மந்திரங்களை இரண்டே சண்டையில் கொட்டுவான். பக்கத்தில் விசார்ட் இரண்டை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பான்.

இரண்டாவது யோசனை டிஎம் நூலிலேயே இருக்கிறது: ஷார்ட் ரெஸ்ட்டை ஐந்து நிமிடமாக்குவது. அந்த மாற்று விதி லாங் ரெஸ்ட்டையும் ஒரு மணி நேரமாகச் சுருக்குகிறது. அந்தப் பாதி எனக்கு வேண்டாம். முன்பாதியை மட்டும் எடுத்து, சண்டை முடிந்தால் ஐந்து நிமிட ஓய்வு தானாகக் கிடைக்கும், வேறு சமயத்தில் கிடைக்காது என்று வைத்தேன். மந்திரக்கோலின் விடியலையும் விசார்ட்டின் மீட்பையும் தூக்கத்தோடு சேர்த்துக் கட்டினேன். மீட்பை ஒரு முதல் நிலை, ஒரு இரண்டாம் நிலை ஸ்லாட்டாக அவனுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டேன். ஹிட் டைஸ் தூங்கினால் முழுசாகத் திரும்பும். ஐந்து கடிகாரம் இரண்டாகிவிட்டது: சண்டை முடிந்தால், தூங்கினால். நாளைக்கு இரண்டு சண்டை ஆடும் மேசைக்கு இது யாரையும் ராஜாவாக்கவில்லை. ஆறு, எட்டு சண்டை நடத்துகிறவர்கள் இதை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் மாங்க்கைப் பிடித்து நிறுத்த முடியாது.

2024இல் வந்த திருத்திய விதிகளும் இந்தப் பக்கம் கொஞ்சம் பார்க்கின்றன, ஆனால் என் கேள்விக்கு எதிர்த் திசையில். ரேஜ் ஷார்ட் ரெஸ்ட்டில் ஒன்று திரும்பும், லாங் ரெஸ்ட்டில் எல்லாம் திரும்பும். பார்பேரியனுக்குத் தாராளம்தான், எண்ணுகிறவனுக்கு இன்னொரு முடிச்சு.

இரண்டே கடிகாரம் என்று ஆனதும் மிச்ச வேலை தானாகச் சுலபமாகியது. சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, பழைய பெட்டியிலிருந்து சோழி. சண்டை முடிந்தால் திரும்புவது எல்லாம் புளியங்கொட்டை, தூங்கினால் திரும்புவது எல்லாம் சோழி. சக்தியின் பெயருக்கு அடையாளம் வேண்டாம், திரும்பும் நேரத்துக்கு அடையாளம் போதும். மாங்க்குக்கு ஐந்து கொட்டை, வார்லாக்குக்கு இரண்டு, பார்பேரியனுக்கு மூன்று சோழி. ஃபைட்டரின் சுப்பீரியாரிட்டி பகடைக்கு நான்கு எட்டு முகப் பகடைகளையே முன்னால் வைத்துவிட்டால் வேறு காய் எதற்கு? உருட்டியது நடுக் கிண்ணத்துக்குப் போகும். ஆக்‌ஷன் சர்ஜும் செகண்ட் விண்டும் கவிழ்த்து வைக்கும் சீட்டு. சண்டை முடிந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொட்டையையும் பகடையையும் உரியவர்களுக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. போன வாரம் சோதனைக்கு ஒரு சின்னச் சண்டை ஆடிப் பார்த்தோம். ரப்பரை யாரும் தேடவில்லை. யாரிடம் என்ன மிச்சம் என்பது மேசை முழுக்கத் தெரிந்ததால் யோசனை சொல்லும் கூச்சல் இன்னும் கூடிவிட்டது, அது எனக்குப் பிடித்த கூச்சல். ஆட்டம் பாதி நாளில் நின்றால் மேசையை ஒரு படம் எடுத்துக்கொள்ளவேண்டும், வீட்டில் பூனை இருந்தால் சோழியை எண்ணி வைக்கவேண்டும். இவ்வளவுதான் செலவு.

விசார்ட் மட்டும் இதில் அடங்கவில்லை. மூன்று நிலை ஸ்லாட்டுக்கு மூன்று நிறத்தில் காய் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நண்பனிடமே கேட்டேன். அவன் தன் நோட்டைத் திறந்து காட்டினான்: கட்டம் கட்டமாக, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், எந்த ஸ்லாட்டில் யாரைச் சுட்டான் என்று ஓரத்தில் குறிப்பு. “கணக்குப் பார்க்கிறதுதான்டா விசார்ட்” என்றான். அவனை அப்படியே விட்டுவிட்டேன்.

பார்பேரியனுக்கு மூன்று சோழியைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். ஆறாம் லெவலில் நான்காவது ரேஜ் வரும். அந்தச் சோழியை மட்டும் கொஞ்சம் பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அவனிடம் சொல்லவில்லை.